மாசு புகும் வழி: பிணைவு உலையின் விளிம்பில் நடப்பது என்ன?



வழக்கமாக நம் மலரில் நான் எழுதுவது பழைய அளவைகள், கல்வெட்டு, ஏடு என்று போகும். இந்த ஆண்டு அதிலிருந்து விலகி ஓர் அறிவியல் பொருளைத் தொட்டிருக்கிறேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். 1979-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அகமதாபாத் வந்து, மாணெக் சௌக்கில் மாமாவின் பாத்திரக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தவன். எனக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

போன வருஷம் என் தங்கை ஊரிலிருந்து போன் செய்தாள். அவள் மகள் இயற்பியலில் முதுகலை முடித்தவள். ஒரு பக்கம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் பிளாஸ்மா இயற்பியலில் ஆராய்ச்சிக்கு இடம் வந்திருக்கிறது. பெண் இரண்டாவதைத்தான் எடுப்பேன் என்கிறாள். "அண்ணா, அஞ்சாறு வருஷம் படிச்சு என்ன ஆகப்போவுது? நீ சொன்னா கேப்பா, நீதான் சொல்லணும்" என்றாள் தங்கை. நான் பெண்ணிடம் பேசினேன். "ஏம்மா, அணுப்பிணைவு மின்சாரம் முப்பது வருஷத்துல வரும்னு நான் சின்னப் பையனா இருந்தப்பவே சொன்னாங்களே?" என்று கேட்டேன். "மாமா, நெருப்பு மூட்ட ஓரளவு தெரிஞ்சுபோச்சு. அடுப்புச் சுவர்தான் இப்ப பிரச்னை. சுவர்லேர்ந்து கிளம்புற மாசு எப்படி நகருதுன்னு கணக்குப் போடறதுதான் என் வேலை" என்றாள். கருத்துச் சொல்வதற்கு முன் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எட்டு மாதம் படித்தேன். சாயங்காலம் பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவன் ஆகையால், இரவில் படிக்க நேரம் நிறைய உண்டு. படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துங்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இந்திரா பாலம் தாண்டி காந்திநகர் போகும் வழியில், சாபர்மதிக் கரையோரம் பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 1982-இல் இங்கேயே இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1986-இல் தனி நிறுவனமானது. இதன் முதல் இயக்குநர் பிரெதிமன் கிருஷன் கௌ அவர்கள். 1989-இல் 'ஆதித்யா' என்ற டோகமாக் கருவி அங்கே இயங்கத் தொடங்கியது. 2016-இல் அது மேம்படுத்தப்பட்டு 'ஆதித்யா-யு' ஆயிற்று. பிரான்சின் தெற்கே ஏழு தரப்பினர் சேர்ந்து கட்டிவரும் 'ஈட்டர்' என்ற மாபெரும் உலைக்கு இந்தியாவின் பங்கை வழங்கும் அமைப்பும் இந்த நிறுவனத்தைச் சேர்ந்ததே. ஈட்டரைச் சுற்றி நிற்கும் பெரிய எஃகுக் கலத்தின் பகுதிகள் சூரத் பக்கம் ஹசீராவில் செய்யப்பட்டுக் கப்பலில் போயின.

பிணைவும் பிளாஸ்மாவும்

இன்றைய அணுமின் நிலையங்களில் கனமான யுரேனிய அணு பிளக்கப்படுகிறது. பிணைவில் நடப்பது இதற்கு நேர்மாறு. ட்யூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு வகை ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றாகி, ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. கூடவே பெரும் ஆற்றல். இரண்டு கருக்களும் நேர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை மீற சுமார் 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுபோகின்றன. அந்தக் கலவைதான் பிளாஸ்மா.

15 கோடி டிகிரியைத் தாங்கும் பாத்திரம் எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் மின்னூட்டம் உள்ள துகள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். வளையம் போன்ற கலத்தில் காந்தக் கோடுகளை முறுக்கி ஓடவிட்டால், பிளாஸ்மா சுவரைத் தொடாமல் நடுவில் நிற்கும். இதுதான் 1950-களில் சோவியத் நாட்டில் உருவான டோகமாக். சொல்லும்போது எளிது. ஆனால் காந்தக் கூண்டு முழுக்க அடைத்த கூண்டு அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிந்தது சுவரில் போய்த்தான் முட்டும். பிரச்னை அங்கே தொடங்குகிறது.

ஒரு துளி மாசு என்ன செய்யும்?

அடுப்பில் உப்புப் போட்ட பருப்பு பொங்கி வழிந்தால், நீலமாக எரிந்த காஸ் சுடர் சட்டென்று மஞ்சளாவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். உப்பில் உள்ள சோடியம் அணுவின் எலக்ட்ரான், சூட்டை வாங்கி மேலே ஏறி, உடனே கீழே இறங்கும்போது அந்த மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஒளி உண்டு. நம் இரும்பு, எவர்சில்வர் வியாபாரிகள் இன்று துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தகட்டில் வைத்து அழுத்தி, நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள் அல்லவா? அதுவும் எக்ஸ் கதிரில் இதே தத்துவம்தான். டோகமாக்கில் என்ன மாசு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அது வீசும் ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் அறிகிறார்கள்.

ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒரே எலக்ட்ரான். நடுப் பிளாஸ்மாவின் சூட்டில் அது கழன்றுவிடும். பிறகு அப்படி ஒளி வீச ஒன்றுமில்லை. கார்பனுக்கு ஆறு. அதுவும் நடுவில் முழுக்கக் கழன்றுவிடும், ஆகவே ஓரத்தில்தான் ஒளிரும். டங்ஸ்டனுக்கு 74 எலக்ட்ரான். 15 கோடி டிகிரியிலும் அதில் சில ஒட்டிக்கொண்டே இருக்கும். சூட்டை வாங்கி வாங்கி ஒளியாக வெளியே வீசிக்கொண்டே இருக்கும். வெப்பம் அப்படியே ஒழுகிப்போகும். ஆகவே கார்பன் போன்ற இலேசான மாசு நூற்றுக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம். டங்ஸ்டன் என்றால் லட்சத்துக்குச் சில அணுக்களே எல்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1975-இல் தொடங்கிய பி.எல்.டி. என்ற டோகமாக்கில், பிளாஸ்மாவின் ஓரத்தைத் தடுத்து நிறுத்தும் பாகத்தை முதலில் டங்ஸ்டனில் செய்திருந்தார்கள். டங்ஸ்டன் உள்ளே போய் நடுவில் சேர்ந்தது. விளைவு, நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துபோனது! அதை எடுத்துவிட்டுக் கிராஃபைட் வைத்தார்கள். 1978-இல் அதே கருவி 6 கோடி டிகிரியை எட்டியது.

இதைப் படித்தபோது என் கடையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பல வருஷம் முன்பு ஒரு லாட் தகடு மலிவாக வந்தது. 18-க்கு 8 என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அதாவது குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். நானும் சோதிக்காமல் வாங்கிப் பாத்திரம் அடித்துவிட்டேன். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த சரக்கு அது. ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறித் திரும்பி வந்தது. நாலைந்து சதவீத வித்தியாசம் ஒரு வருஷ லாபத்தைத் தின்றது. இங்கேயோ பேச்சு லட்சத்தில் சில என்பதைப் பற்றி.

மாசு எங்கிருந்து கிளம்புகிறது?

பழைய குண்டு பல்பு நாளாக ஆக உள்ளே கறுத்துப்போகும். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்த கறுப்பு அது. உலையில் வேறு மாதிரி. வேகமாக வரும் துகள் சுவரில் மோதி அங்குள்ள அணுவைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கோலிக்குண்டை இரும்புக் குண்டின்மேல் எறிந்தால் இரும்பு அசையாது. அதுபோல் இலேசான ட்யூட்டீரியம் மெதுவாக வந்தால் கனமான டங்ஸ்டனைப் பெயர்க்க முடியாது. ஓரத்துப் பிளாஸ்மாவை ஆறவைத்துவிட்டால் இந்த வகைச் சேதம் மிகக் குறையும். ஆனால் நியான், ஆர்கான் போன்ற கனமான துகள்கள் வந்தால் பெயர்க்கும். கார்பன் சுவரில் இன்னொரு தொல்லை: ஹைட்ரஜன் அதனுடன் வேதியியல் முறையிலேயே சேர்ந்து அரித்துவிடும். இவை போக, பிணைவில் பிறக்கும் ஹீலியமும் அடுப்புச் சாம்பல் மாதிரிதான். அள்ளி வெளியே போடாவிட்டால் எரிபொருளின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வடிகால்

பிளாஸ்மாவில் ஓர் எல்லை உண்டு. அதற்கு உள்ளே காந்தக் கோடுகள் மூடியவை. அதில் ஓடும் துகள் சுற்றிச் சுற்றி உள்ளேயே இருக்கும். எல்லைக்கு வெளியே உள்ள கோடுகளோ போய்ச் சுவரில் முடிகின்றன. அந்தக் கோடுகளை வளைத்து, கலத்தின் அடியில் தனியாகக் கட்டிய ஓர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். டைவர்ட்டர் என்று பெயர்; நான் வடிகால் என்று சொல்லிக்கொள்கிறேன். மாசு, சாம்பல், வெப்பம் எல்லாம் அங்கே போய் விழவேண்டும், பிளாஸ்மாவுக்குத் தள்ளி. யோசனை அமெரிக்கர் லைமன் ஸ்பிட்சருடையது, 1950-களிலேயே சொன்னது. 1982-இல் ஜெர்மனியின் கார்சிங்கில் டைவர்ட்டர் உள்ள ஆஸ்டெக்ஸ் கருவியில், பிளாஸ்மா திடீரென்று மேலும் நன்றாகக் கட்டுண்டு நிற்கும் ஒரு நிலையைக் கண்டார்கள். அதன் பிறகு வடிவமைத்த பெரிய டோகமாக்குகளில் வடிகால் வழக்கமாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், வெப்பம் வடிகாலுக்கு வரும் பட்டை சில மில்லிமீட்டர் அகலம்தான். அந்தத் தகடு தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்குச் சுமார் 10 மெகாவாட். ஒன்றும் செய்யாமல் விட்டால் வரும் வெப்பம் அதைப் பல மடங்கு மிஞ்சும்.

தள்ளும் கைகள்

இப்போது மையப் பொருளுக்கு வருகிறேன். வடிகால் தகட்டிலிருந்து ஒரு டங்ஸ்டன் அணு பெயர்கிறது. அது எங்கே போகும்?

முதலாவது, பல அணுக்கள் எங்கேயும் போவதில்லை. பெயர்ந்த மறுகணமே எலக்ட்ரானை இழந்து, காந்தக் கோட்டைச் சுற்ற ஆரம்பிக்கிறது. கனமான துகள் ஆகையால் பெரிய வட்டம் போடும். அந்த முதல் வட்டத்திலேயே திரும்பவும் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இது பெரிய அதிர்ஷ்டம்.

தப்பியவற்றின்மேல் இரண்டு கைகள் எதிரெதிராகத் தள்ளுகின்றன. ஒன்று இழுவை. எரிபொருள் பிளாஸ்மா தகட்டை நோக்கி ஆறு மாதிரி ஓடுகிறது. அந்த வெள்ளம் மாசையும் வடிகாலுக்கே அடித்துக்கொண்டு போகும். மற்றொன்று வெப்பச் சரிவின் விசை. வடிகால் பக்கம் குளிர்ச்சி, மேலே போகப் போகச் சூடு. காலுபூர் ஸ்டேஷன் நெரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நகரும் கூட்டத்தில் நின்றால் இடி அதிகம். விர்ரென்று ஓடுகிறவன் உரசாமல் கடந்துவிடுவான். பிளாஸ்மாவிலும் அப்படித்தான்: வேகமான துகள் மாசின்மேல் மோதும் வாய்ப்புக் குறைவு. குளிர்ந்த பக்கத்திலிருந்து வரும் மெதுவான துகள்கள்தான் அதிகம் இடிக்கும். ஆகவே மாசு சூடான பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது, அதாவது நாம் வேண்டாம் என்கிற பக்கத்துக்கே. இழுவை வென்றால் மாசு வடிகாலில் நிற்கும். வெப்ப விசை வென்றால் மேலே ஏறும்.

மேலே ஏறிய மாசு எல்லையைக் குறுக்கே கடந்து உள்ளே நுழைவது மூன்றாவது கட்டம். அங்கே கொந்தளிப்பு அதை அங்குமிங்கும் அலைக்கழிக்கும். எரிபொருளின் அடர்த்தி உள்ளே போகப் போகச் செங்குத்தாகக் கூடினால் மாசு உள்ளே இழுக்கப்படும். வெப்பநிலை அப்படிக் கூடினாலோ மாசு வெளியே தள்ளப்படும். பாருங்கள், கோட்டின் நீளவாக்கில் கெடுதல் செய்த அதே வெப்பச் சரிவு, குறுக்குவாக்கில் காவல் காக்கிறது! ஈட்டரின் விளிம்பில் அடர்த்திச் சரிவு மிதமாகவும் வெப்பச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும், ஆகையால் டங்ஸ்டன் வெளியே தள்ளப்படும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் ஜெட் கருவியின் கடைசி ஆண்டுகளின் சோதனைகளில் இதற்குச் சான்றும் கிடைத்தது.

கணக்கு எழுதும் இரண்டு முறை

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தபோதுதான், அட, நம்ம தொழில்தானே என்று தோன்றியது.

முதல் முறை பேரேடு. விளிம்புப் பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம்: ஆரம்ப இருப்பு, பக்கத்துக் கட்டத்திலிருந்து வரவு, பக்கத்துக்குப் பற்று, இறுதி இருப்பு. துகளுக்கு ஒரு பேரேடு, உந்தத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று. டங்ஸ்டனில் இன்னும் கூத்து: ஓர் எலக்ட்ரான் இழந்தது, இரண்டு இழந்தது என்று 74 கிளைக் கணக்கு. அத்தனையும் எழுதி மாளாது என்று சிலவற்றை ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள், நாம் 'சில்லறைச் செலவு' எழுதுகிற மாதிரி. 1980-களில் பாஸ் பிராம்ஸ் எழுதிய பி2 என்ற நிரல் இந்த வகை.

இரண்டாம் முறை லாரி ரசீது. ஒவ்வொரு பார்சலையும் புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை பின்தொடர்வது. லட்சக்கணக்கான மாதிரித் துகள்களை விட்டு, ஒவ்வோர் அடியிலும் பகடை உருட்டி, இப்போது மோதியதா, எலக்ட்ரானை இழந்ததா, எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்ப்பார்கள். கடைசியில் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். காந்தத்துக்குக் கட்டுப்படாத, மின்னூட்டம் இல்லாத அணுக்களுக்கு ஜெர்மனியின் யூலிக்கில் எழுதப்பட்ட ஐரினே நிரல் இப்படி வேலை செய்கிறது. மாசு அயனிகளுக்கு கனடாவின் பீட்டர் ஸ்டாங்கபி குழுவின் டிவிம்ப். பேரேட்டையும் லாரி ரசீதையும் இணைத்ததே பி2-ஐரினே. அதன் வழிவந்த சோல்ப்ஸ்-ஈட்டர் 2015-இல் வெளியாயிற்று. முப்பரிமாணத்தில் கணக்கிடும் இ.எம்.சி.3-ஐரினே என்ற ஒன்றும் உண்டு. நம் ஆதித்யாவின் விளிம்பும் அதில் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரிய கணக்கு ஒன்று நிலைப்பட வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓடும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பேரேட்டில் ஒரு தலைப்பு கையால் எழுதப்படுகிறது. கொந்தளிப்பால் குறுக்கே எவ்வளவு கசிகிறது என்பதை இந்த நிரல்கள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. சோதனையில் அளந்ததோடு பொருந்தும் வரை ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நாம் ஆண்டு முடிவில் 'சேதாரம்' என்று ஒரு தொகை எழுதிக் கணக்கை நேர்செய்கிற மாதிரி. பழைய கடைக்கு அந்த எண் சரி. புதிதாகப் பத்து மடங்கு பெரிய கடை திறந்தால் அதே சேதாரம் இருக்குமா? கொந்தளிப்பை அடிப்படையிலிருந்தே கணக்கிடும் நிரல்களும் எழுதப்பட்டு வருகின்றன. ஆனால் அவற்றுக்கு ஆகும் கம்ப்யூட்டர் நேரம் மிகப் பெரிது.

சுவர் மாறிய கதை

பி.எல்.டி. அனுபவத்துக்குப் பிறகு நெடுங்காலம் கார்பன் சுவர்தான். 1997-இல் ஜெட் 16 மெகாவாட் பிணைவுத் திறனைக் காட்டியபோதும் கார்பன்தான். ஆனால் அரிக்கப்பட்ட கார்பன் வேறிடத்தில் படியும்போது டிரிட்டியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, கிடைப்பதும் அரிது. சுவரில் புதைய விடமுடியாது. ஆகவே ஜெட்டில் 2011 முதல் சுற்றுச் சுவருக்கு பெரிலியம், வடிகாலுக்கு டங்ஸ்டன் என்று மாற்றினார்கள். முதலில் செயல்திறன் குறைந்தது. டங்ஸ்டன் உள்ளே சேராதிருக்க அதிக வாயு செலுத்த வேண்டியிருந்தது. போகப் போகப் பழகினார்கள். 2021-இல் 59 மெகாஜூல், 2023-இல் 69 மெகாஜூல் ஆற்றல் எடுத்துச் சாதனை படைத்துவிட்டு, அந்த 2023 டிசம்பரில் ஜெட் ஓய்வு பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், மாசையே மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். நைட்ரஜன், நியான், ஆர்கான் போன்றவற்றை அளவோடு ஓரத்தில் செலுத்தினால், அவை ஒளிர்ந்து வெப்பத்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். தகட்டில் ஓரிடத்தில் குவியாது. அளவு மீறினால் உள்ளே போய்க் கெடுக்கும், சுவரையும் பெயர்க்கும். உப்புப் போடுகிற கணக்குதான். எவ்வளவு, எந்த இடத்தில் என்பதற்கும் மேலே சொன்ன பேரேடுதான் வழிகாட்டி. ஆதித்யா-யுவிலும் இவ்வகைச் சோதனைகள் நடந்திருக்கின்றன.

ஈட்டரிலும் முதலில் பெரிலியம் சுவர்தான் திட்டம். பெரிலியம் 1,287 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. 2024-இல் வெளியிட்ட புதிய திட்டத்தில் சுற்றுச் சுவரையும் டங்ஸ்டனாக மாற்றிவிட்டார்கள். அது உருகுவது 3,400 டிகிரிக்கு மேல். ஆராய்ச்சி தொடங்குவது 2034, டிரிட்டியம் போட்டு எரிப்பது 2039 என்கிறது அத்திட்டம். 1970-களில் தூக்கி எறிந்த உலோகத்தையே முழுச் சுவராக வைக்கிறார்கள்! அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் இரண்டு: ஆஸ்டெக்ஸ் அப்கிரேட், ஜெட், பிரான்சின் வெஸ்ட் போன்ற கருவிகளின் அனுபவம், அதோடு இந்த விளிம்புக் கணக்குகள். வெஸ்ட் 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் சுவர்களுக்கு நடுவே பிளாஸ்மாவை 1,337 வினாடி தொடர்ந்து நிறுத்திக் காட்டியது. ஆனால் ஈட்டர் அளவில் பிணைவு நடக்கும் பிளாஸ்மா இதுவரை எங்கேயும் இருந்ததில்லை. அங்கே நமக்கு இருப்பது கணக்கு ஒன்றே.

முடிவாக

இதைப் படித்து முடித்துத் தங்கைக்கு போன் செய்தேன். "பிணைவு மின்சாரம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. உன் மகள் காலத்துல வராமலும் போகலாம். ஆனா அவ எழுதப்போற கணக்கு வெட்டிக் கணக்கு இல்ல. அந்தச் சேதாரம்னு கையால எழுதுற எண்ணைச் சரியா எழுத ஆள் வேணும். அது தப்பாப் போனா அத்தனை நாட்டுப் பணமும் சுவர்ல படிஞ்ச கரியாப் போயிடும்" என்றேன். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சம்பளம் எவ்வளவு குடுப்பாங்கன்னு கேட்டியா?" என்றாள். கேட்டிருந்தேன். பெங்களூர் வேலையைவிடக் குறைவுதான், அதையும் சொன்னேன். பெண் ஆகஸ்டில் சேர்ந்துவிட்டாள்.

நம் சங்கக் குடும்பங்களிலும் இப்படிப் பிள்ளைகள் கேட்கக்கூடும். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாமல், கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.